கயிற்றின் மறுமுனை

(தோட்ட இளைஞர் கூட்டமொன்றில் பேசியது)



மலை ஏறுறதைப் பத்தி உங்களுக்குச் சொல்ல நாங்க யாரு? விடிஞ்சா பெரட்டுக்களம், பிறகு கொழுந்துச் சுமையோட ஏத்தமும் இறக்கமும்னு வாழுறவங்க நீங்க. ஆனாலும் இன்றைக்கு வேறொரு மலையேற்றத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம்.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் யோசெமிட்டி என்றொரு பள்ளத்தாக்கு. அங்கே எல் கப்பிட்டான் என்ற கருங்கல் பாறை ஏறக்குறைய 3,000 அடி உயரத்துக்குச் செங்குத்தாக நிற்கிறது. அதில் காலை வெயில் முதலில் படும் பக்கத்துக்கு ‘விடியல் சுவர்’ என்று பெயர். 2014 டிசம்பர் 27ஆம் திகதி டொமி கால்ட்வெல், கெவின் ஜோர்ஜசன் என்ற இரண்டு நண்பர்கள் அதில் ஏறத் தொடங்கினார்கள். டொமிக்கு இடக்கை ஆட்காட்டி விரலில் ஒரு பகுதி இல்லை. 2001இல் மரம் அறுக்கும்போது வாள் வெட்டிவிட்டது.

கையாலும் காலாலும்தான் ஏற வேண்டும். கயிறு, விழுந்தால் தாங்குவதற்கு மட்டுமே. ஒருவர் ஏறுவார், மற்றவர் கயிறு பிடிப்பார். பிடிப்பவரின் இடுப்பில் உள்ள ஒரு கருவிக்குள்ளால் கயிறு ஓடும். ஏறுபவர் வழுக்கினால் கயிற்றை இறுக்கி நிறுத்த வேண்டும். அந்தக் கை ஒரு நொடியும் கயிற்றை விடக் கூடாது. ஏறுவதற்கு முன் ஒருவருடைய முடிச்சையும் இடுப்புப் பட்டியையும் மற்றவர் பார்த்துக்கொள்வார். உயிர் அதில்தான் இருக்கு, பாருங்க.

அந்த ஏற்றத்தில் மொத்தம் 32 பகுதிகள். விழுந்தால் அந்தப் பகுதியை முதலிலிருந்து ஏற வேண்டும். 15ஆவது பகுதியில் பிடிக்கக் கிடைப்பது கத்திமுனை போன்ற கல் விளிம்புதான். டொமி அதைக் கடந்துவிட்டார். கெவின் பல தடவை விழுந்தார். விரல் நுனித் தோல் கிழிந்தது. அது ஆறும்வரை இரண்டு நாள் சும்மா இருந்தார். கொழுந்தெடுக்கும் விரல்களுக்கு இந்த வலி தெரியும்.

இதற்குள் டொமி 20ஆவது பகுதி வரை முடித்துவிட்டார். ஏழு வருசமாகப் பாடுபட்ட பாறை. தனியாகவே உச்சிக்குப் போயிருக்கலாம். ஆனால் கூட்டாளியை விட்டுட்டுப் போக அவருக்கு மனசு வரல்ல. திரும்பி வந்து கெவினின் கயிற்றைப் பிடித்தார். 2015 ஜனவரி 9ஆம் திகதி கெவின் அந்த இடத்தைக் கடந்தார். 14ஆம் திகதி, 19ஆவது நாளில், இருவரும் சேர்ந்தே உச்சியில் நின்றார்கள்.

அந்த 9ஆம் திகதி பாறையைக் கடந்தவர் கெவின். ஆனால் கயிறு பிடித்தவருக்கும் அதில் பங்கில்லையா?

நம்ம லயத்துக்கு வருவோம். சாதாரண தரப் பரீட்சையில் ஒரு பிள்ளை சித்தியடையுது. பக்கத்துக் காம்பராப் பிள்ளை கணக்கில் தவறிப் போகுது. வெட்கப்பட்டு, புத்தகத்தைக் கட்டி வெச்சிட்டு, கொழும்புக்குக் கடை வேலைக்குப் பஸ் ஏறுது. சித்தியடைந்த தம்பி தங்கைகளே, உங்களைத்தான் கேட்கிறோம். நீங்க மேலே போறது எங்களுக்குப் பெருமை. ஆனால் ஞாயிற்றுக்கிழமையில் ஒரு மணி நேரம் அந்தப் பிள்ளையோட உட்கார்ந்து கணக்குச் செய்ய முடியாதா? தாய்மாரே, தவறின பிள்ளையை ஏசாம, இன்னொரு முறை எழுத விடுங்க.

அந்தப் பிள்ளை இன்னும் பாறையிலதான் நிக்குது. கயிற்றை விட்டுடாதீங்க.