காலாங் கரையில் எழுந்த முழக்கம்

"பழைய கட்டடம்தானே, இடித்தால் என்ன?" என்று கேட்போர் உண்டு. சிங்கப்பூரின் பழைய தேசிய விளையாட்டரங்கம் எப்படி எழுந்தது என்று தெரிந்தால் அப்படிக் கேட்கமாட்டார்கள்.

காலாங் படுகையை ஒட்டிய இடம். மரினா அணைக்கட்டு 2008இல் முடியும்வரை கடல்நீர் ஏறி இறங்கிய கரை அது. 1966 இறுதியில் வேலை தொடங்கியது. பணத்துக்கு எங்கே போவது? 1968இல் சிங்கப்பூர் பூல்ஸ் அமைக்கப்பட்டு, டோட்டோவும் சிங்கப்பூர் சுவீப்பும் திரட்டிய பணம் இங்கே வந்து சேர்ந்தது. சீட்டு வாங்கி, பரிசு விழாமல் கிழித்துப் போட்டவரும் அரங்கத்துக்குச் செங்கல் கொடுத்தவர்தாம்!

1973 ஜூலை 21இல் பிரதமர் லீ குவான் இயூ திறந்து வைத்தார். 55,000 பேர் அமரலாம். அதே ஆண்டு செப்டம்பரில் தென்கிழக்காசியத் தீபகற்ப விளையாட்டுகள். 200 மீட்டர் ஓட்டத்தில் பர்மா வீராங்கனையும் நம் ஆசிரியை குளோரி பர்னபாஸும் ஏறத்தாழ ஒன்றாகவே எல்லைக்கோட்டைத் தொட்டார்கள். புகைப்படம் பார்த்துத்தான் தீர்ப்பு. தங்கம் குளோரிக்கு! பி.சி. சுப்பையா வெறுங்காலுடன் ஓடி 10,000 மீட்டரில் படைத்த தேசிய சாதனை பல பத்தாண்டுகள் நிலைத்தது.

பிறகு மலேசியக் கிண்ணக் காற்பந்து. பந்தை வளைத்து உதைக்கும் எஸ். ராஜகோபால், தடுப்பில் சமட் அல்லாபிச்சை. ரசிகர்கள் எழுப்பிய இரைச்சலுக்குக் 'காலாங் முழக்கம்' என்றே பெயர் வந்துவிட்டது. 1976 முதல் தேசிய தின அணிவகுப்புகளும் அங்கே நடந்தன. 1986இல் போப்பாண்டவர் இரண்டாம் ஜான் பால் திருப்பலி நடத்தியதும், 1993இல் மைக்கேல் ஜாக்சன் ஆடியதும் அதே இடம்தான்.

2007 ஜூன் 30இல், ஆஸ்திரேலியாவிடம் 0-3 எனத் தோற்ற ஆட்டத்தோடு பிரியாவிடை கொடுத்தார்கள். ஆனால், பொருளாதார நெருக்கடியால் புதிய வளாகம் தாமதமானது. வழியனுப்பிய பெரியவரைத் திரும்ப அழைத்து வேலை வாங்கியதுபோல், 2008 இறுதியிலும் அங்கே ஆட்டம் நடந்தது. 2010இல் இடிப்பு தொடங்கியது. பார்வையாளர் அமர்ந்த மரப்பலகைகளில் ஒரு பகுதியை எடுத்துப் புதிய இருக்கைகள் செய்தார்கள்.

2014இல் அங்கே திறந்த புதிய அரங்கத்திலும் 55,000 இருக்கைகள். கூரை திறந்து மூடும். பழையதில் பெரும்பாலோர் தலைக்குமேல் வானம்தான். மழை வந்தால் நனைந்தார்கள். ஆட்டம் முடியாமல் எழவில்லை.