1983: ஓராண்டின் நினைவு



1983-ஆம் ஆண்டை நாம் மறப்பதற்கில்லை. சனவரி 9-இல் என். டி. ராமராவ் அன்றைய ஒன்றுபட்ட ஆந்திரத்தின் முதலமைச்சரானார். 1957-இல் தமிழ் 'மாயா பஜார்' படத்தில் கண்ணனாக நாம் கண்ட முகமன்றோ அது! சூன் 25-இல் லார்ட்ஸ் திடலில் இந்தியா எடுத்த ஓட்டங்கள் 183. அவற்றுள் 38 நம் சென்னை ஸ்ரீகாந்த் அடித்தவை. மேற்கிந்தியர் 140-இல் வீழ்ந்தனர். உலகக் கோப்பை நமதாயிற்று.

அம்மகிழ்ச்சிக்கு ஆயுள் ஒரு திங்களே. சூலை இறுதியில் கொழும்பில் தமிழர் இல்லங்களும் கடைகளும் எரிந்தன. வெலிக்கடைச் சிறையில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டனர். வாக்காளர் பட்டியலைக் கொண்டு தமிழர் வீடுகளைத் தேடினர் என்று படித்தபோது, வேற்றுமொழி மாநிலத்தில் வாழும் நாம் நம் வாயிற் பெயர்ப்பலகையை ஒருகணம் நோக்கினோம். அண்டை வீட்டுத் தெலுங்கு அன்பர்களோ, "உங்கள் உறவினர் எவரேனும் அங்குளரோ?" என வந்து வினவினர்.