காத்தலும் விடைகொடுத்தலும்
(சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



காவலூர் என்னும் பெயரிலேயே காவல் என்னும் சொல் அமைந்திருக்கிறது. ஜவ்வாது மலையின் மடியில், ஆலங்காயத்தை அடுத்து, கடல் மட்டத்திற்கு மேல் 700 மீட்டருக்கும் மிகுந்த உயரத்தில் விளங்கும் இவ்வூரில் சாமைப் பயிரைக் காப்பவர் உண்டு. ஆடு மாடுகளைக் காப்பவர் உண்டு. இரவெல்லாம் கண் துஞ்சாது வானத்தைக் காவல் காப்பவரும் உண்டு. ஆயினும் காவல்களுள் எல்லாம் தலையாயது ஒன்று உண்டு. அது தாய் தன் மக்களைக் காக்கும் காவல். மக்கள் வளர வளர அத்தாயின் உள்ளத்தில் எழும் பெருமிதம் எத்தகையது, அது எப்பொழுது நிறைவு பெறுகிறது என்பதே இங்கு எண்ணத்தக்க பொருள்.

மக்கட்பேற்றைப் பற்றிப் பேச வந்த திருவள்ளுவர், பிள்ளை பிறந்த நாளின் மகிழ்ச்சியினும், அப்பிள்ளையைச் சான்றோன் என்று பிறர் புகலும் நாளின் மகிழ்ச்சியே தாய்க்குப் பெரிது என்றார். அங்கே தாய் தன் கண்ணால் கண்டு மகிழ்வதாக அவர் சொல்லவில்லை. காதால் கேட்டு மகிழ்வதாகவே சொன்னார். இதன் கருத்து ஆழமானது. பிள்ளை வீட்டுத் திண்ணையில் விளையாடும் வரையில் தாய் அவனைக் காண்கிறாள். ஊரைக் கடந்து, நாட்டைக் கடந்து அவன் உயர்ந்தபின் அவனைப் பற்றிக் கேட்கத்தான் அவளால் முடியும். ஆகவே, கேட்கும் மகிழ்ச்சியை விரும்பும் தாய், காணும் மகிழ்ச்சியில் ஒரு பகுதியைக் கொடுத்தே அதைப் பெற வேண்டியிருக்கிறது. தாய்மையின் பெருமிதம் விலையின்றிக் கிடைப்பதன்று.

இந்த உண்மைக்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. காவலூரின் வானமே அதற்குச் சான்று கூறுகிறது. 1988-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், இவ்வூர் வானாய்வகத்தில் இராஜமோகன் என்னும் வானியல் அறிஞர் ஒரு சிறுகோளைக் கண்டறிந்தார். இந்திய மண்ணிலிருந்து இத்தகைய கோள் ஒன்று கண்டறியப்பட்டது நூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட இடைவெளிக்குப் பிறகேயாம். 4130 என்னும் எண் பெற்ற அக்கோளுக்கு இராமானுஜன் என்று பெயர் சூட்டப்பட்டது. கணித மேதை சீனிவாச இராமானுஜனின் பெயர் அது. கும்பகோணத்துச் சாரங்கபாணி சந்நிதித் தெருவில் ஓர் எளிய வீட்டில் வளர்ந்த பிள்ளையின் பெயர் இன்று விண்ணில் உலவுகிறது. அந்தப் பிள்ளையை அங்கே வளர்த்தவர் கோமளத்தம்மாள் என்னும் தாய்.

இராமானுஜன் 1887 டிசம்பர் 22-இல் ஈரோட்டில் பிறந்தார். நெடுநாள் மகப்பேறின்றி இருந்த கோமளத்தம்மாளுக்காக, நாமக்கல்லில் எழுந்தருளியிருக்கும் நாமகிரித் தாயாரை வேண்டிப் பெற்ற பிள்ளை என்பது அக்குடும்பத்தாரின் நம்பிக்கை. பிள்ளை பிறந்த பின்னும் அம்மையாருக்குக் கவலை நீங்கவில்லை. இரண்டு வயதில் பெரியம்மை கண்டது. மூன்று வயது ஆகியும் பேச்சு எழவில்லை. அவருக்குப் பின் பிறந்த மூன்று குழந்தைகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சிசுப் பருவத்திலேயே மாண்டன. தொட்டில்கள் வெறுமையான வீட்டில் எஞ்சிய ஒரு பிள்ளையை ஒரு தாய் எவ்வாறு காத்திருப்பாள் என்பதைத் தாய்மார்களுக்கு எடுத்துச் சொல்லவும் வேண்டுமோ?

தந்தை சீனிவாச ஐயங்கார் துணிக்கடை ஒன்றில் கணக்கு எழுதியவர். திங்கள் வருவாய் 20 ரூபாய் அளவே. தாய் திருக்கோயிலில் பஜனைப் பாடல்கள் பாடுவார். அதனால் வந்த சிறு தொகையும், வீட்டில் தங்கி உண்ட வெளியூர் மாணவர்கள் தந்த பணமும் குடும்பத்தைத் தாங்கின. திருக்கோயிலுக்குப் பொருள் ஈயும் அன்பர்கள் இதனைச் சற்றே நினைத்தல் வேண்டும். கும்பகோணத்துப் பஜனைக்கு அன்று யாரோ ஓர் அடியார் இட்ட காசு, அந்த வீட்டில் ஒரு வேளை அன்னமாயிற்று. அந்த அன்னத்தை உண்ட பிள்ளை பின்னாளில் உலகம் வியக்கும் கணிதம் படைத்தார். இட்டவர் பெயர் எவருக்கும் தெரியாது. அறத்தின் இயல்பு அத்தகையது. கொடுத்த கை அறியாத இடத்திலே போய் அது பயன் தருகிறது.

பிள்ளை பள்ளியில் பரிசுகளைக் குவித்தபோது தாய் மகிழ்ந்ததில் வியப்பு ஒன்றும் இல்லை. 1897-இல் தொடக்கப்பள்ளித் தேர்வில் மாவட்டத்திலேயே முதல்வர். 1904-இல் கணிதத்திற்கான பரிசு. ஊரார் புகழ்ந்தனர். அதன்பின் வந்த ஆண்டுகளே தாயின் உள்ளத்தைச் சோதித்த ஆண்டுகள். கணிதம் ஒன்றிலேயே மூழ்கிப் பிற பாடங்களைக் கைவிட்டமையால், கல்லூரியில் கிடைத்த உதவித்தொகை பறிபோயிற்று. 1905-இல் வீட்டாரிடம் சொல்லாமலேயே இராமானுஜன் விசாகப்பட்டினம் சென்றுவிட்டார். பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும், எப்.ஏ. தேர்வில் இருமுறை தோல்வியுற்றார். புகழ்ந்த ஊரே இப்பொழுது வேறு பேசிற்று. வேலை இல்லை, பட்டம் இல்லை, கையில் இருந்தவை எண்கள் நிறைந்த குறிப்பேடுகளும் ஒரு கற்பலகையுமே.

வெற்றி பெற்ற பிள்ளையைக் கண்டு பெருமிதம் கொள்ளுதல் எவர்க்கும் எளிது. தோற்ற பிள்ளையினிடத்தும் பெருமிதம் குன்றாதிருத்தல் தாய்க்கே இயலும். மகன் எழுதியவற்றுள் ஒரு வரியும் கோமளத்தம்மாளுக்கு விளங்கியிராது. எனினும், மகன் கணக்கில் ஆழ்ந்திருக்கும்போது அந்தச் சிந்தனை கலையாதபடி, வீட்டுப் பெண்கள் சோற்றை உருட்டி அவர் கையில் வைத்து உண்ணச் செய்தனர் என்பது குடும்பத்தார் நினைவு கூர்ந்த செய்தி. பொருள் விளங்காத ஒன்றையும் பிள்ளையின்மேல் வைத்த நம்பிக்கையால் காத்தல் என்பது இதுவேயாம்.

அந்தக் காவலுக்குப் பயன் கிட்டிற்று. 1912-இல் சென்னைத் துறைமுக அலுவலகத்தில் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தர் வேலை அமைந்தது. 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு இராமானுஜன் விடுத்த கடிதம் வரலாற்றையே மாற்றிற்று. இங்கிலாந்துக்கு வருமாறு அழைப்பு வந்தது. ஆனால் கடல் கடந்து செல்லுதல் குற்றம் எனக் கருதிய வைணவ அந்தணக் குடும்பம் அது. தாய் இசையவில்லை. தாயின் இசைவின்றி மகன் புறப்படவும் துணியவில்லை. காவல், பூட்டாக மாறவிருந்த நேரம் அது.

அப்பொழுது அம்மையார் ஒரு கனவு கண்டதாகச் சொல்லப்படுகிறது. பெரியதொரு மண்டபத்தில் வெள்ளையர் சூழத் தம் மகன் வீற்றிருக்கக் கண்டார். மகனின் பிறவிப் பயனுக்குக் குறுக்கே நிற்றல் ஆகாது என்று நாமகிரித் தாயார் ஆணையிடவும் கேட்டார். மறுப்பு நீங்கிற்று, விடை கிடைத்தது. அக்கனவை அருள் என்று கொள்வோர் கொள்க; தாயுள்ளம் தனக்குத்தானே சொல்லிக்கொண்ட தெளிவு என்று கொள்வோரும் கொள்க. எவ்வாறு கொண்டாலும் உண்மை ஒன்றே: வேண்டிப் பெற்ற பிள்ளையை, இறப்பினின்றும் எஞ்சிய பிள்ளையை, ஒரு தாய் தன் கையினின்றும் விடுத்தாள்.

1914 மார்ச் 17-இல் கப்பல் சென்னையை விட்டுப் புறப்பட்டது. துறைமுகத்தில் தாய் இல்லை. குடுமி களைந்து, மேனாட்டு உடை தரித்த தம் கோலத்தைத் தாய் காண நேர்ந்தால் மனம் நோவாரே என்று எண்ணிய மகன், தாயையும் மனைவியையும் முன்னரே கும்பகோணத்திற்கு அனுப்பிவிட்டார். ஆகவே, மகன் ஏறிய கப்பலைத் தாய் காணவில்லை. 1918 மே மாதத்தில் இலண்டன் ராயல் சொசைட்டி அவரைத் தன் உறுப்பினராக ஏற்றுக் கொண்டதையும், அதே ஆண்டு அக்டோபரில் டிரினிட்டிக் கல்லூரி அவரைப் பெல்லோவாகத் தேர்ந்தெடுத்ததையும் அவர் காணவில்லை. இவை யாவும் அவர் காதுக்கு எட்டிய செய்திகளே. வள்ளுவர் சொன்னபடி, கேட்டே மகிழ்ந்த தாய் அவர்.

அம்மையாரின் அன்பு குறையே இல்லாதது என்று சொல்லி முடித்தல் உண்மை ஆகாது. கணவனோடு கடல் கடந்து செல்ல விரும்பிய இளம் மருமகள் ஜானகியின் ஆசைக்கு இடம் கிட்டவில்லை. கணவனுக்கு அவர் எழுதிய கடிதங்கள் மாமியாரால் தடுக்கப்பட்டன என்று வரலாற்று ஆசிரியர்கள் எழுதியுள்ளனர். அயல்நாட்டில் நோயுற்றுத் தனித்திருந்த மகன், வீட்டிலிருந்து மடல் வாராமல் வருந்தினார். உலகுக்கு மகனை விடுத்த தாய்க்கு, மருமகளுக்கு மகனை விடுத்தல் அரிதாயிற்று! இது ஒரு தாயை இழித்துரைக்கும் செய்தியன்று. ஒவ்வொரு தாயும் தன் உள்ளத்தைத் தொட்டுப் பார்ப்பதற்குரிய செய்தி. பெருமிதத்திற்கும் உரிமைப் பற்றுக்கும் நடுவே உள்ள கோடு மிக மெல்லியது. பிள்ளை உயர்ந்தான் என்று மகிழும் நெஞ்சே, அவன் எனக்கே உரியவன் என்றும் சொல்லத் தொடங்குகிறது. விடைகொடுத்தல் ஒருநாளில் செய்து முடிக்கும் செயலன்று. நாள்தோறும் பயில வேண்டிய நோன்பு.

1919 ஜனவரி 11-இல், நோயுற்ற நிலையில், இராமானுஜன் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு ஒரு மடல் எழுதினார். தமக்கு ஆண்டுதோறும் 250 பவுன் வழங்கப் பல்கலைக்கழகம் முன்வந்ததற்கு நன்றி கூறிய அவர், அதில் 50 பவுனைத் தம் பெற்றோருக்குத் தருமாறும், தம் செலவு போக எஞ்சியதை ஏழைப் பிள்ளைகள், அநாதைகள் ஆகியோரின் கல்விக்கும் பள்ளிகளுக்கு நூல் வழங்குவதற்கும் பயன்படுத்துமாறும் கேட்டுக் கொண்டார். சூத்திரங்கள் ஒரு தாய்க்கு விளங்காமல் போகலாம். இந்த மடல் எந்தத் தாய்க்கும் விளங்கும். மகன் அறிஞன் ஆனான் என்பதினும், மகன் பிறர் பிள்ளைகளை நினைத்தான் என்பதே ஈன்ற வயிற்றைக் குளிர்விக்கும் செய்தி.

1919 மார்ச்சு இறுதியில் பம்பாயில் கரையிறங்கிய மகனைத் தாய் எதிர்கொண்டு அழைத்து வந்தார். ஓராண்டே கழிந்தது. 1920 ஏப்ரல் 26-இல், சென்னைச் சேத்துப்பட்டில், 32 வயதில் இராமானுஜன் மறைந்தார். தாய் மகனுக்குப் பின்னும் வாழ்ந்தார். கணவனை இழந்த ஜானகியம்மாளோ, தையற்கலையால் தம்மைத் தாமே காத்துக்கொண்டு, திருவல்லிக்கேணியில் நெடுங்காலம் வாழ்ந்து, தாய் தந்தையரை இழந்த ஒரு சிறுவனைத் தம் மகனாக ஏற்று வளர்த்து ஆளாக்கினார். 1994-இல் அவர் மறைந்தார். வயிறு வாய்த்தவள் மட்டும் தாய் அல்லள். வளர்த்தவளும் தாயே என்பதை அவ்வம்மையார் வாழ்ந்து காட்டினார்.

வளர்த்தவர் கண்ணால் காணாத வளர்ச்சிக்குக் காவலூரில் மற்றொரு சான்றும் உண்டு. இம்மலையைத் தேர்ந்து, 1968-இல் சிறியதொரு தொலைநோக்கியோடு வானாய்வகத்தை இங்கே தொடங்கியவர் வைணு பாப்பு. இந்நாட்டிலேயே உருவாகும் 2.34 மீட்டர்ப் பெருந்தொலைநோக்கி அவருடைய கனவு. அது நிறைவு பெறுமுன்பே, 1982-இல், அவர் மறைந்தார். 1986 ஜனவரியில் அத்தொலைநோக்கிக்கும் ஆய்வகத்துக்கும் அவர் பெயரே சூட்டப்பட்டது. நட்டவர் வேறு, நிழலில் இருப்பவர் வேறு; எனினும் மரம் நட்டவருடையதே.

மலை மக்களின் வாழ்விலும் இவ்வுண்மை இன்று மலர்ந்து வருகிறது. ஜவ்வாது மலையை அடுத்த புலியூரைச் சேர்ந்த பழங்குடிப் பெண்மணி ஸ்ரீபதி, மகவு ஈன்ற சில நாட்களுக்குள்ளாகவே தேர்வு எழுதி, உரிமையியல் நீதிபதியாகத் தேர்ச்சி பெற்ற செய்தி 2024-இல் தமிழகம் எங்கும் பரவிற்று. அவருடைய வெற்றிக்குத் துணை நின்ற தாயையும் கணவரையும் நாடு சேர்த்தே பாராட்டியது. மகளாகவும் தாயாகவும் ஒருங்கே நின்று அவர் வென்ற வெற்றி அது. மலையிலிருந்து கீழே இறங்கிப் படிக்கச் செல்லும் பெண்ணுக்கு ஒரு தாய் விடைகொடுக்கும் ஒவ்வொரு காலையிலும் இத்தகைய வெற்றி ஒன்று வித்திடப்படுகிறது.

குடமுழுக்கு விழாவிலும் இக்கருத்தே அடங்கியிருக்கிறது. திருவுருவைச் செதுக்கும் சிற்பி, பல திங்கள் அதனருகே இருந்து, உளி பட்ட இடமெல்லாம் கையால் தடவிப் பார்க்கிறான். கண் திறக்கும் சடங்கு முடிந்தபின் விலகி நிற்கிறான். நேற்றுவரை தன் கையில் இருந்த கல்லை இன்று கைகூப்பித் தொழுகிறான். தாயும் அத்தகையவளே. மக்களைச் செதுக்கும் வரையில் அவர்கள் அவள் கையில் இருக்கிறார்கள். கண் திறந்தபின் அவர்கள் உலகுக்கு உரியவர்கள். அந்நாளில் விலகி நிற்கத் தெரிந்த தாயின் பெருமிதமே நிறைவு பெறுகிறது.

காக்க வேண்டிய நாளில் கண்ணிமை போலக் காக்கும் உறுதியையும், விடைகொடுக்க வேண்டிய நாளில் மனமுவந்து விடைகொடுக்கும் தெளிவையும் உலகனைத்தையும் ஈன்ற அன்னை எல்லாத் தாய்மார்களுக்கும் அருள்வாளாக! அவர்கள் மக்கள் சான்றோர் எனப் பெயர் பெறுக! அச்செய்தி அவர்கள் செவியில் இனிது ஒலிப்பதாகுக!