பில் மறந்துடும், குப்பி மறக்காது

சூடு பட்டா நிறம் மாறுற மை, சாயம். இன்னைக்குப் பேச்சு அதைப் பத்தித்தான்.

"டீ ஊத்தினா படம் தெரியுமே, அந்தக் கப்பா?"ன்னு கேட்பீங்க. அதுவும் உண்டு. ஆனா அந்தக் கப்புக்கு நெருங்கின சொந்தக்காரங்க ரெண்டு பேர் இருக்காங்க. ஒருத்தர் உங்க பர்ஸ்லயே இருக்கார்: சூப்பர் மார்க்கெட் பில், ஏடிஎம் சீட்டு, பஸ்ல மெஷின் அடிச்சுக் குடுக்கிற டிக்கெட். இன்னொருத்தர் போலியோ சொட்டு மருந்து குப்பி மேல ஒட்டியிருக்கார். தபால் தலையை விட சின்ன ஆள். மூணு பேருமே சூட்டுக்கு நிறம் மாறுறவங்கதான். ஆனா சூடு போனதுக்கப்புறம் ஒவ்வொருத்தரும் நடந்துக்கிற விதம் வேற வேற. அந்த வித்தியாசம் சில சமயம் ஒரு கடையோட கணக்கைத் தீர்மானிக்கும், சில சமயம் ஒரு குழந்தையோட காலை.

எங்க ஊர் ஏரலை வெச்சே சொல்றேன். ஸ்ரீவைகுண்டம் அணை தாண்டி தாமிரபரணி கடலுக்குப் போற வழியில, ஆத்தங்கரையில இருக்கிற கடைத்தெரு ஊர். சுத்துப்பட்டு கிராமத்துல கல்யாணம்னா துணி, பாத்திரம் எல்லாத்துக்கும் எங்க ஊருக்குத்தான் வருவாங்க. 2023 டிசம்பர் 17, 18 தேதிகள் ஞாபகம் இருக்கும். பக்கத்துல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 90 சென்டிமீட்டருக்கு மேல மழை. ஆறு ஊருக்குள்ள வந்துடுச்சு. ஏரல் தனித்தீவு ஆச்சு. கரன்ட் இல்ல, போன் இல்ல.

எங்க மாமாவுக்கு அங்க ஒரு சின்ன பாத்திரக்கடை. தண்ணி வடிஞ்ச பிறகு எல்லா அண்ணாச்சிகளும் செஞ்ச முதல் வேலை சேறு அள்ளுறது. அடுத்த வேலை பில் தேடுறது. எவ்வளவு சரக்கு வாங்கினோம், எவ்வளவு போச்சுன்னு காட்ட பேப்பர் வேணும் இல்லையா? மாமா கடையில பால்பாயின்ட் பேனாவால, கார்பன் வெச்சு எழுதின பழைய பில் புக் முழுசா நனைஞ்சிருந்துச்சு. பிரிச்சுக் காய வெச்சதும் எழுத்தைப் படிக்க முடிஞ்சது. மேல் அலமாரியில, தண்ணியே எட்டாத இடத்துல, பிளாஸ்டிக் கவர் போட்டு பத்திரமா வெச்சிருந்த மெஷின் பில்லுல பாதி வெறும் வெள்ளைப் பேப்பர். வெள்ளம் தொடாத பில் எப்படி அழிஞ்சது?

அந்தக் கேள்விக்குப் பதில் தெரியணும்னா முதல்ல கப்புக்குள்ள போகணும்.

கப்பு மேல இருக்கிற மையில மூணு பொருள் இருக்கு. ஒண்ணு, நிறம் தரக்கூடிய ஆனா தனியா இருந்தா நிறமே இல்லாத ஒரு சாயம். லூக்கோ சாயம்னு பேரு. ரெண்டாவது, லேசான அமிலத்தன்மை உள்ள ஒரு பொருள். இது சாயத்தோட சேர்ந்தா சாயத்தோட மூலக்கூறு வடிவம் மாறி நிறம் வரும். மூணாவது, மெழுகு மாதிரி உருகி உறையுற ஒரு கரைப்பான். மூணையும் கண்ணுக்குத் தெரியாத குட்டிக் குட்டி உறைக்குள்ள அடைச்சிருப்பாங்க. கரைப்பான் உறைஞ்சிருக்கிற வரைக்கும் சாயமும் அமிலமும் கை கோத்துட்டு நிக்கும்: நிறம் தெரியும். சூடாகி கரைப்பான் உருகினா அது நடுவுல புகுந்து ரெண்டையும் பிரிச்சுடும்: நிறம் போயிடும், கீழே இருக்கிற படம் தெரியும். ஆறினா மறுபடி சேர்ந்துடும்.

இதைத் துணியில போட்டுப் பார்த்த கதை ஒண்ணு உண்டு. 1991-ல அமெரிக்காவின் சியாட்டில் நகரத்துல ஜெனெரா அப்படின்னு ஒரு கம்பெனி ஹைப்பர்கலர் டி-ஷர்ட்டை இறக்கினாங்க. உடம்புச் சூடு பட்ட இடம் நிறம் மாறும். தோள்ல கை வெச்சா கை அச்சு விழும். இளவட்டம் பித்துப் பிடிச்சு வாங்கினாங்க. ஆனா வெந்நீர்ல துவைச்சாலோ அயர்ன் பண்ணாலோ வித்தை முடிஞ்சது. அப்புறம் ஒரே நிறத்துல மங்கலா நிக்கும். அடுத்த வருஷமே அந்தக் கம்பெனி திவால். ஏரல் மாதிரி ஊர்ல சித்திரை வெயில்ல அதைப் போட்டிருந்தா, வெளியே கால் வைக்கும்போதே முழுச் சட்டையும் நிறம் மாறி அப்படியே நின்னிருக்கும். கை அச்சுக்கு இடமே இருந்திருக்காது!

இதே தத்துவத்துலதான் தேய்ச்சா அழியுற பேனாவும் வேலை செய்யுது. ஜப்பானின் பைலட் கம்பெனியோட ஃப்ரிக்ஷன் பேனாவைச் சிலர் பார்த்திருப்பீங்க. பின்பக்கத்தால தேய்க்கிறப்போ ரப்பர் மையைச் சுரண்டுறது இல்ல; உரசல் சூடு 60 டிகிரிக்கு மேல போறதால நிறம் போகுது. அழிஞ்ச எழுத்தை ஃப்ரீசர்ல வெச்சா திரும்ப வரக்கூட வாய்ப்பு இருக்கு. தையல் வேலையில துணி மேல கோடு போட்டுட்டு, தைச்ச பிறகு அயர்ன் ஓட்டி அழிக்க இந்த வகை மை ரொம்ப வசதி. ஆனா கையெழுத்து, செக், பத்திரம் எதுக்கும் இதைத் தொடக் கூடாது. நம்ம பாஷையில சொன்னா இது அன்டூ பட்டன் உள்ள மை.

இப்ப பில்லுக்கு வருவோம். பில் மெஷின்ல மையே கிடையாது. பேப்பர் மேலயே அதே லூக்கோ சாயமும் அதே வகை அமிலப் பொருளும் நுண்ணிய துகள்களா பூசியிருக்கும். கப்புல சேர்ந்திருக்கிற ரெண்டு பேரும் இங்க பக்கத்துப் பக்கத்து வீட்டுல தனித்தனியா இருக்காங்க. மெஷினோட தலையில குட்டிக் குட்டி சூடாக்கிகள். எங்க எழுத்து வேணுமோ அந்தப் புள்ளியை மட்டும் ஒரு கணம் சுடும். அங்க துகள்கள் உருகிக் கலந்து கறுப்பு வரும். உடனே ஆறி உறைஞ்சுடுறதால கறுப்பு நிக்கும். கப்புல சூடு பிரிச்சு வைக்குது. பில்லுல சூடு சேர்த்து வைக்குது. அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆனா அந்தச் சேர்க்கை கல்யாணம் இல்ல, சும்மா கை கோத்திருக்கிறதுதான். இடையில எது புகுந்தாலும் கை விட்டுப் போயிடும். எண்ணெய்க் கை, ஹேண்ட் க்ரீம், வெயில் எல்லாம் மங்க வைக்கும். பிளாஸ்டிக் கவர்? வளைஞ்சு குடுக்கிறதுக்காக பிவிசி கவர்ல ஒரு எண்ணெய்த்தன்மையான பொருள் கலந்திருப்பாங்க. அது மெதுவா கசிஞ்சு பேப்பருக்குள்ள போய், கப்புக்குள்ள கரைப்பான் செய்யுற அதே வேலையைச் செய்யும். மாமாவோட பில்லை அழிச்சது தாமிரபரணி இல்ல, பத்திரமா இருக்கட்டும்னு போட்ட கவர்!

இங்க ஒரு பெரிய முரண் இருக்கு. ஜிஎஸ்டி சட்டப்படி கணக்கு ஆவணங்களை, ஆண்டறிக்கை தாக்கல் செய்ய வேண்டிய தேதியிலிருந்து 72 மாசம் பாதுகாக்கணும். அதாவது 6 வருஷம். வாரன்டி, மருத்துவச் செலவு, இன்சூரன்ஸ் எல்லாமே வருஷக் கணக்குல பேசுற விஷயம். அதுக்கெல்லாம் ஆதாரத்தை நாம கை விடத் தயாரா இருக்கிற ஒரு மூலக்கூறுகிட்ட ஒப்படைச்சிருக்கோம்.

மூணாவது ஆள் இந்தக் குடும்பத்துலயே வித்தியாசமானவர். சொட்டு மருந்து குப்பியில ஊதா நிறத்துல ஒரு வட்டம், அதுக்குள்ள வெளிறின ஒரு சதுரம் இருக்கும். வேக்சின் வயல் மானிட்டர், சுருக்கமா விவிஎம். உலக சுகாதார நிறுவனமும் பாத் அமைப்பும் சேர்ந்து கொண்டு வந்தது. பாத் அமைப்பும் அதே சியாட்டில் நகரத்துலதான் இருக்கு. 1996-ல இருந்து யுனிசெஃப் அனுப்புற போலியோ சொட்டு மருந்துல இது வருது.

இந்தச் சதுரத்துல லூக்கோ சாயம் இல்ல. டைஅசிட்டிலீன் அப்படின்னு ஒரு வேதிப்பொருள். சூடு பட பட அதோட மூலக்கூறுகள் ஒண்ணோட ஒண்ணு நிரந்தரமா இணைஞ்சு சங்கிலி ஆகும். சங்கிலி நீள நீள நிறம் கறுக்கும். இதுதான் நிஜமான கல்யாணம், இதுல விவாகரத்து கிடையாது. திரும்ப ஐஸ்ல வெச்சாலும் சதுரம் வெளுக்காது. பட்ட சூடு பட்டதுதான், கணக்குல ஏறினது ஏறினதுதான். நம்மாளுங்களுக்குப் புரியுற மாதிரி சொன்னா, எழுத மட்டும் முடியும், அழிக்க முடியாத ஒரு லாக் ஃபைல்.

இதுல இருக்கிற புத்திசாலித்தனம் என்னன்னா, மை கறுக்கிற வேகத்தை மருந்து கெடுற வேகத்தோட பொருத்தி வெச்சிருக்காங்க. போலியோ சொட்டு மருந்துக்கான சதுரம் 37 டிகிரியில 2 நாள்ல வட்டத்தோட நிறத்தை எட்டிடும். அதையே 5 டிகிரியில வெச்சா எட்ட 225 நாள் ஆகும். சூட்டைத் தாங்குற வேற தடுப்பூசிகளுக்கு 37 டிகிரியில 7, 14, 30 நாள் தாங்குற வகைகள் இருக்கு. வாசிக்கிற விதி ஒண்ணே ஒண்ணு: சதுரம் வட்டத்தை விட வெளுப்பா இருந்தா போடலாம். ரெண்டும் ஒரே நிறமாவோ, சதுரம் அதிகக் கறுப்பாவோ இருந்தா தூக்கிப் போடணும். காலாவதி தேதி தாண்டாம இருந்தாலும் அப்படித்தான்.

இப்ப வெள்ளத்துக்குத் திரும்புவோம். கரன்ட் போய் மூணு நாள் கழிச்சு ஒரு சுகாதார நிலையத்துல மருந்துப் பெட்டியைத் திறக்கிறாங்கன்னு வைங்க. பக்கவாட்டுல ஐஸ் வெச்ச ஃப்ரிட்ஜ் கொஞ்ச நேரம் தாங்கியிருக்கும். எவ்வளவு நேரம்? கரன்ட் வந்த பிறகு உள்ளே எல்லாம் ஜில்லுன்னு இருக்கும். பழைய சூட்டுக்குத் தடயமே இருக்காது. மருந்தைப் பார்த்தாலும் தெரியாது, அது எப்பவும் போலத் தெளிவாத்தான் இருக்கும். இந்தச் சதுரம் இல்லைன்னா ரெண்டே வழி: எல்லாத்தையும் கொட்டணும், இல்லைன்னா நம்பிக் குழந்தை வாயில விடணும். கெட்டுப்போன மருந்து குழந்தைக்கு விஷம் ஆகாது. ஆனா பாதுகாப்பும் குடுக்காது. சொட்டு மருந்து போட்டாச்சுன்னு அம்மா நிம்மதியா இருப்பாங்க. அதுதான் ஆபத்து.

இந்தியாவுல பல்ஸ் போலியோ 1995-ல ஆரம்பிச்சது. கடைசிப் பாதிப்பு 2011 ஜனவரியில, மேற்கு வங்கத்தின் ஹவுராவுல. 2014 மார்ச் 27 அன்னைக்குப் போலியோ இல்லாத பகுதின்னு சான்றிதழ் கிடைச்சது. அதுக்குப் பின்னால லட்சக்கணக்கான பேரோட உழைப்பு இருக்கு. ஐஸ் பெட்டியைத் தோள்ல மாட்டிக்கிட்டு வயல் வரப்புல நடந்து போன செவிலியர் அக்காவுக்கு, கரன்ட்டும் மீட்டரும் இல்லாத இடத்துல, அந்தச் சதுரம்தான் துணை.

ஒரு எல்லையையும் சொல்லிடணும். விவிஎம் சூட்டை மட்டும்தான் பார்க்கும், குளிரைப் பார்க்காது. பென்டாவேலன்ட் மாதிரி சில தடுப்பூசிகள் உறைஞ்சா கெட்டுடும். அப்பவும் சதுரம் வெளுப்பா சிரிச்சுட்டுதான் இருக்கும். அதுக்குக் குப்பியைக் குலுக்கி, வண்டல் எப்படிப் படியுதுன்னு பார்க்கிற தனிச் சோதனை உண்டு.

சரி, நாம என்ன செய்யலாம்? முக்கியமான பில் கைக்கு வந்த அன்னைக்கே போட்டோ எடுத்துடுங்க, இல்லைன்னா ஜெராக்ஸ் போட்டு வைங்க. பேப்பர் உறையில வைங்க, பிளாஸ்டிக் கவர் வேண்டாம். நனைஞ்ச பில்லை அயர்ன் வெச்சுக் காய வைக்காதீங்க, முழுசா கறுத்துடும். கடை வெச்சிருக்கிற சொந்தக்காரங்ககிட்டயும் சொல்லுங்க.

அடுத்த முறை அக்கா குழந்தையைச் சொட்டு மருந்துக்குத் தூக்கிட்டுப் போனா, "அக்கா, அந்தச் சதுரத்தைக் கொஞ்சம் காட்டுங்க"ன்னு மரியாதையா கேளுங்க. தப்பு கண்டுபிடிக்கிறதுக்காக இல்ல. படிப்பு, பதவி, மெஷின் எதுவும் தேவைப்படாம யார் வேணும்னாலும் சரிபார்க்கிற மாதிரி செஞ்ச பொருள் அது. வட்டத்தை விட சதுரம் வெளுப்பா இருக்கா? அப்ப குழந்தை வாயைத் திறக்கச் சொல்லுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம் மக்களே!