மருந்து போய்ச் சேரும் வழி

(பெரம்பலூர், அரியலூர் பகுதி ஆதரவாளர் கூட்டத்தில் மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை)



வார்டில் படுத்திருப்பவர்களின் பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "ஐயா, நானோ மருந்து போட்டால் புற்றுநோய் போய்விடுமாமே? நிலத்தை விற்றாவது வாங்கலாமா?" இவர்களுக்கு உண்மையான பதிலைச் சொல்வது நம் கடமை.

டாக்ஸோரூபிசின் என்னும் சிவப்பு மருந்து பல்லாண்டுகளாகப் பழக்கத்தில் உள்ளது. புற்றுநோய்ச் செல்லைக் கொல்லும். ஆனால் இருதயத்தையும் பாதிக்கும். ஆகவே விஞ்ஞானிகள் அதைக் கொழுப்பாலான நுண்ணிய உறைக்குள் அடைத்தார்கள். உறையின் அளவு சுமார் 100 நானோமீட்டர். தலைமயிரின் தடிப்பில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு. நல்ல இரத்தக்குழாயின் சுவரை இது எளிதில் கடக்காது. கட்டிக்குள் அவசரமாக முளைத்த குழாய்களிலோ இடைவெளிகள் உண்டு. அவற்றின் வழியே கசிந்து கட்டியில் தங்குகிறது. 1995-இல் அமெரிக்காவில் இதற்கு அனுமதி கிடைத்தது. 2012-இல் அங்கே தட்டுப்பாடு வந்தபோது, நம் நாட்டின் சன் பார்மா நிறுவனத்தின் லிப்போடாக்ஸ் மருந்தை வரவழைத்தார்கள்.

மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். இருதயத்துக்கு வரும் கேடு குறைகிறது. ஆனால் சிலருக்கு உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து தோல் உரியும். சினைப்பைப் புற்றுநோய் போன்ற சிலவற்றுக்கே இது ஏற்றது. இத்தகைய நுண்துகள்களைப் பற்றிய பல விலங்கு ஆய்வுகளைத் தொகுத்து 2016-இல் ஒரு கணக்கு வெளியானது. பெரும்பாலும், செலுத்தியதில் நூற்றுக்கு ஒரு பங்குகூடக் கட்டியைச் சென்றடையவில்லை. கல்லீரலும் மண்ணீரலும் வழியிலேயே பிடித்துக்கொள்கின்றன.

ஆகவே, டாக்டர் எழுதிக் கொடுத்தால் தைரியமாகப் போட்டுக்கொள்ளட்டும். நானோ என்ற பெயரை மட்டும் நம்பி ஒருவரும் நிலத்தை விற்கவேண்டாம்.

இரத்தக்குழாயின் சுவரைத் தாண்ட மருந்துக்கு வழி கண்டுபிடித்துவிட்டார்கள். செந்துறையிலிருந்தும் வேப்பந்தட்டையிலிருந்தும் ஒரு தாய் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்ட வழி என்ன? மார்பில் கட்டி தட்டுப்பட்டும், "வலியில்லையே, பருத்தி எடுத்து முடியட்டும்" என்று மாதங்களைக் கடத்துகிறவர்கள் உண்டு. முதல் ஊசி போட்டுக்கொண்டு, பஸ் செலவுக்கும் இழக்கும் கூலிக்கும் பயந்து அடுத்த ஊசிக்கு வராதவர்களும் உண்டு. எந்த உறையில் வைத்த மருந்தானாலும் வராதவர்களுக்கு அது உதவாது.

பிரியமானவர்களே, நீங்கள் தரும் காணிக்கை இங்கேதான் பலன் தருகிறது. பணம் மட்டும் போதாது. உங்கள் சபையிலும் தெருவிலும் உள்ள தாய்மாரிடம் கட்டியைப் பற்றிக் கூச்சமின்றிக் கேளுங்கள். சொன்னவரை அந்த வாரமே டாக்டரிடம் அழைத்துச் செல்லுங்கள். அடுத்த ஊசி நாளிலும் கூடவே வாருங்கள்.

கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக.