முதலில் அனுப்பியவர் யார்?



வேலூரிலிருந்து திருவண்ணாமலை போகும் பேருந்தில் கண்ணமங்கலம் தாண்டினால், வலப்பக்கம் சவ்வாது மலை கூடவே வரும். அந்த மலைப்பக்கம், போளூரை அடுத்த அத்திமூரில் 2018 மே மாதம் நடந்ததை இந்த வட்டாரம் மறந்திருக்காது. குலதெய்வக் கோயிலைத் தேடிச் சென்னையிலிருந்து வந்த ஒரு குடும்பம், வழியில் பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தது. பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று கூட்டம் கூடி அடித்ததில் 65 வயது அம்மா ஒருவர் இறந்துபோனார். பிள்ளை பிடிக்கும் கும்பல் ஊருக்குள் புகுந்துவிட்டதாக அதற்கு முன்பே வாட்ஸ்அப்பில் வதந்தி ஓடிக்கொண்டிருந்தது.

அடித்தவர்களைக் காவல்துறை கைது செய்தது. வதந்தியைக் கிளப்பியவரை எப்படிப் பிடிப்பது? வாட்ஸ்அப் செய்திகள் 2016 முதல் பூட்டியே போகின்றன. சாவி அனுப்புகிறவர், பெறுகிறவர் கைப்பேசிகளில் மட்டுமே உண்டு. நிறுவனமே நினைத்தாலும் படிக்க முடியாது.

2019இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரு வழக்கில் இந்தக் கேள்வி எழுந்தது. முதலில் அனுப்பியவரின் அடையாளத்தைச் செய்தியோடு சேர்த்தே அனுப்பலாம் என்றார் சென்னை ஐஐடி பேராசிரியர் காமகோடி. அந்த அடையாளத்தைப் போலியாகவும் ஒட்டிவிடலாம் என்று மறுத்தார் மும்பை ஐஐடியின் மனோஜ் பிரபாகரன். வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2021 பிப்ரவரியில் மத்திய அரசு விதியே போட்டது: ஆணை வந்தால் முதல் அனுப்புநரைக் காட்ட வேண்டும், அவர் வெளிநாட்டில் இருந்தால், இந்தியாவுக்குள் முதலில் அனுப்பியவரே முதல் அனுப்புநராகக் கருதப்படுவார். அதை எதிர்த்து வாட்ஸ்அப் டெல்லி உயர் நீதிமன்றம் சென்றது. பூட்டை உடைக்கச் சொன்னால் நாட்டைவிட்டே போய்விடுவோம் என்று 2024 ஏப்ரலில் அங்கே சொன்னது.

2018இல் இந்தியாவெங்கும் சுற்றிய ஒரு கடத்தல் வீடியோ, கராச்சியில் பிள்ளைகளின் பாதுகாப்புக்காக எடுத்த விழிப்புணர்வுப் படத்திலிருந்து வெட்டி எடுக்கப்பட்டது. அதை வெட்டியவர் ஒருவர், நம்பி அனுப்பியவர் இன்னொருவர். இந்த விதிப்படி மாட்டுவது, பயந்துபோய் இங்கே முதலில் அனுப்பிய ஒரு தாயாகவும் இருக்கலாம்.

காவல்துறை கையில் ஒன்றும் இல்லை என்பதும் சரியல்ல. கைப்பேசியைக் கைப்பற்றலாம். இன்னொரு வழி, கிளவுடில் சேமித்த பிரதி. அரட்டையைக் கூகுள் டிரைவில் சேமித்தால், அந்தப் பூட்டு தானாக அங்கே கூட வராது. 2021இல்தான் பிரதியையும் பூட்டும் வசதி வந்தது. அதையும் நாமேதான் அமைப்புகளுக்குள் போய் இயக்க வேண்டும். கிளவுட் பூட்டுக்கும் நெருக்கடி வந்ததுண்டு: பிரிட்டனில் அரசு நெருக்கியதால், 2025 பிப்ரவரியில் ஆப்பிள் தன் கூடுதல் கிளவுட் பூட்டையே அந்நாட்டில் விலக்கிக்கொண்டது.

வதந்தியின் வேகத்தைக் குறைக்கப் பூட்டில் கைவைக்க வேண்டியதில்லை. 2018 ஜூலையில், ஒரே தடவையில் ஐந்து பேருக்கோ குழுக்களுக்கோ மேல் முன்னனுப்ப முடியாது என்று வாட்ஸ்அப் இந்தியாவில் வரம்பு வைத்தது. எந்தச் செய்தியையும் யாரும் திறந்து பார்க்காமலே அது நடந்தது.

ஒருவர்மீது சந்தேகம் வந்தால், முறையான ஆணையோடு அவர் கைப்பேசியை வாங்கிப் பார்க்கட்டும். அதற்காக, சந்தேகமே இல்லாத கோடிக்கணக்கானவர்களின் செய்திகளிலும் பெயர்ச்சீட்டு ஒட்டச் சொல்வது நியாயமாகாது.