சுத்திக்கிட்டே இருக்கிற வட்டம்: காசு போச்சா, போகலையா?

இன்னிக்கு ஆப்பும் சர்வரும் எப்படிப் பேசிக்குதுன்னு பார்க்கப்போறோம். அதுக்குள்ள கொட்டாவி விடாதீங்க, இது உங்க காசு விஷயம்.

தருமபுரி மாவட்டத்துல பாப்பிரெட்டிப்பட்டி, சேர்வராயன் மலை அடிவாரம். மலை ஓரத்துல சிக்னல் வந்து வந்து போகும், அது உங்களுக்கே தெரியும். அங்க ஒரு மளிகைக் கடையில ஒருத்தர் 180 ரூபாய்க்கு சாமான் வாங்குறார்னு வெச்சுக்குவோம். க்யூஆர் ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போட்டாச்சு. வட்டம் சுத்துது. கடைக்காரரோட சவுண்ட் பாக்ஸும் பேசலை. பின்னாடி நாலு பேர் நிக்கிறாங்க. மறுபடி போடலாமா?

போன் அனுப்புறது ரிக்வெஸ்ட், சர்வர் திருப்பி அனுப்புறது ரெஸ்பான்ஸ். ரிக்வெஸ்ட் சர்வருக்குப் போகாமலே இருந்திருக்கலாம். போய்ச் சேர்ந்து, பாதி வேலையில சர்வர் நின்னிருக்கலாம். இல்லைன்னா வேலை முழுசா முடிஞ்சு, பதில் மட்டும் வழியில தொலைஞ்சிருக்கலாம். போன் பக்கத்துல இருந்து பார்த்தா மூணும் ஒண்ணுதான்: பதில் வரலை, அவ்வளவுதான்.

இது நம்ம ஊர் டவரோட குறை மட்டும் இல்லை. 1970கள்லயே இதுக்கு 'ரெண்டு தளபதிகள் சிக்கல்'னு பேர் வெச்சுட்டாங்க. ரெண்டு மலையில ரெண்டு படை, நடுப் பள்ளத்தாக்குல எதிரி. தூதுவன் போய்ச் சேர்ந்தானான்னு தெரிய இன்னொரு தூதுவன் வரணும், அவன் சேர்ந்தானான்னு தெரிய இன்னொருத்தன். நம்பிக்கை இல்லாத வழியில நூறு சதவீத உறுதி கிடைக்கவே கிடைக்காதுன்னு நிரூபிச்சே காட்டிட்டாங்க.

அப்போ டைம்அவுட் ஆனதும் 'பேமென்ட் ஃபெயில்டு'ன்னு காட்டுற ஆப் என்ன செய்யுது? என்னைக் கேட்டா, பொய் சொல்லுது. அதுக்குத் தெரிஞ்சது 'தெரியலை' மட்டும்தான். அதைத்தான் காட்டணும்.

சரி, மறுபடி அனுப்பினா ஆபத்தா? ஒரு தகவலைக் கேட்டு வாங்குற 'கெட்' ரிக்வெஸ்ட்டை எத்தனை தடவை வேணா அனுப்பலாம். 'போஸ்ட்' அப்படி இல்லை, ரெண்டு தடவை போனா வேலையும் ரெண்டு தடவை நடக்கலாம். இதுக்கு வழி, ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டுக்கும் போன்லயே ஒரு தனி நம்பர் போடுறது. மறுபடி அனுப்பும்போதும் அதே நம்பர். மொய் எழுதுறவர் நோட்டைப் பார்த்து "உங்க பேர் ஏற்கெனவே இருக்கே"ன்னு சொல்ற மாதிரி, சர்வரும் பழைய பதிலையே திருப்பிக் கொடுத்துரும்.

இங்கதான் நிறைய டெவலப்பர்கள் கோட்டை விடுறாங்க. பட்டனை அமுக்குற நேரத்துல நம்பரை உருவாக்கினா, ரெண்டாவது அமுக்கலுக்குப் புது நம்பர் வந்துரும். பிரயோஜனமே இல்லை. பணம் கட்டுற பக்கம் திறக்கும்போதே உருவாக்கி, போன்ல சேமிச்சு வைக்கணும். ஆப் மூடித் திறந்தாலும் அது இருக்கணும். ஆபீஸ் வைஃபைல டெஸ்ட் பண்ணா இது எதுவும் தெரியாது. 'பே' அமுக்கின அடுத்த நொடி ஏரோபிளேன் மோடு போட்டுப் பாருங்க.

யுபிஐ-லயும் ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் தனி ஐடி உண்டு. ஆனா நீங்க வெளிய வந்து திரும்ப ஸ்கேன் பண்ணா அது புது பரிவர்த்தனை. இதுவும் நிஜமான 180 ரூபாய், அதுவும் நிஜமான 180 ரூபாய்.

2019 செப்டம்பர்ல ரிசர்வ் வங்கி ஒரு உத்தரவு போட்டுச்சு. உங்க கணக்குல காசு கழிஞ்சு, அனுப்பின ஆளுக்குப் போகலைன்னா அடுத்த நாளுக்குள்ள தானா திரும்பணும். கடைக்கு உறுதி போகலைன்னா 5 நாளுக்குள்ள. தாண்டினா நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு. ஆனா ரெண்டு தடவையும் போய்ச் சேர்ந்துட்டா இந்த விதி உதவாது. காசு கடைக்காரர்கிட்ட இருக்கு, அவர்கிட்டதான் கேட்கணும்.

அதனால வட்டம் சுத்தினா திரும்ப ஸ்கேன் பண்ணாம ஹிஸ்டரியைத் திறங்க. அங்க 'பெண்டிங்'னு இருந்தா, அதுல இருக்கிற 12 இலக்க எண்ணைக் கடைக்காரர்கிட்ட காட்டுங்க. சவுண்ட் பாக்ஸுக்குன்னு தனியா ஒரு சிம் இருக்கும், அதுக்கும் சிக்னல் வேணும்ல. அது பேசலைங்கிறதுக்காகக் காசு வரலைன்னு அவரும் முடிவு பண்ணிட வேண்டாம், தன்னோட ஆப்பை ஒரு தடவை பார்க்கட்டும்.